விக்கப்போற வண்டிக்கு எதுக்கு ஒரு வருஷ இன்சூரன்ஸ்?

"வண்டிய விக்கத்தான் போறேங்க. ஒரு மாசத்துக்கு மட்டும் இன்சூரன்ஸ் போட்டுக் குடுக்க முடியுமா?"

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இன்சூரன்ஸ் ஏஜெண்டுகளின் காதில் வருஷம் முழுக்க விழுகிற கேள்வி இது. ஆனிக் கடைசியில் கொஞ்சம் அதிகமாகவே விழும். மாங்காய்ப் பணம் புழங்குகிற வாரங்களில் விலை படியாமல் நின்றுபோன கார், ஆடி பிறந்துவிட்டால் வாசலை விட்டு நகராது. பார்க்க வருவார்கள், டயரைத் தட்டுவார்கள், "ஆவணி பொறக்கட்டுங்க, அட்வான்ஸ் குடுக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதற்குள் பாலிசி முடிந்துவிடும். கையை விட்டுப் போகப்போகிற வண்டிக்கு இன்னொரு வருஷப் பணத்தைக் கட்ட மனசு வராது. கேள்வி நியாயமானதுதான். பதிலை "முடியாது" என்ற ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள், அதுதான் உறுத்துகிறது. வீட்டுக்குத் திரும்புகிற மனிதர் "சரி, விக்கற வரைக்கும் அப்படியே நிக்கட்டும்" என்று முடிவு கட்டுகிறார். வண்டி நிற்பதும் இல்லை. பார்க்க வருகிறவர் நாலு ரோடு வரைக்கும் ஓட்டிப் பார்க்கக் கேட்பார், மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுபோகச் சொல்வார், தொப்பூர் மேட்டில் இழுவை எப்படி என்று பார்க்க ஆசைப்படுவார்.

முதலில் கேட்ட கேள்விக்கே பதில். 2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மோட்டார் டாரிஃபில் (வண்டி இன்சூரன்ஸுக்கான கட்டண விதிகள்) குறுகிய கால அட்டவணை ஒன்று உண்டு. ஒரு மாதம் வரைக்கும் வருடப் பிரீமியத்தில் 20 சதம், இரண்டு மாதம் என்றால் 30, மூன்று மாதத்துக்கு 40. அப்படியே ஏறி, எட்டு மாதம் தாண்டினால் முழுப் பிரீமியம். எட்டு மாதத்துக்கே 90 சதம் என்பதிலிருந்து தெரியும், குறுகிய காலம் வாங்குகிறவருக்கு லாபம் வரக்கூடாது என்றே போட்ட கணக்கு அது. இன்று சொந்த உபயோகக் காருக்கு ஆன்லைனிலோ கவுண்டரிலோ மாதப் பாலிசி கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது, ஒரு வருடப் பாலிசியைத்தான் காட்டுவார்கள். இங்கிலாந்தில் ஒரு நாளைக்கு, ஒரு மணி நேரத்துக்குக்கூட விற்கிறார்களே என்று வெளிநாட்டு வீடியோ பார்த்தவர்கள் கேட்பார்கள். அங்கே பாலிசி, எடுத்த ஆளோடும் அதில் பேர் எழுதிய ஓட்டுநரோடும் கட்டுண்டது. கார் கைமாறினால் பாலிசி கூடவே போகாது. அதனால் இடையில் வருகிற ஒரு நாளுக்கு ஒரு நாள் பாலிசி தேவைப்படுகிறது. நம் சட்டம் வேறு வழியில் போகிறது. இங்கே தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு (நம் வண்டியால் அடிபடுகிறவருக்கான பாதுகாப்பு) வண்டியோடு சேர்ந்து புது உரிமையாளரிடம் போய்விடும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 157 அதைத்தான் சொல்கிறது. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் ஒரு மாசப் பாலிசியைத் தேடுகிற வேலையே குறைந்துவிடும்.

கட்ட வேண்டிய பணமும் பலர் நினைக்கிற அளவுக்குப் பெரிதில்லை. ஏஜெண்ட் காட்டுகிற பதினைந்தாயிரம், இருபதாயிரம் எல்லாம் ஓன் டேமேஜ் (நம் வண்டிக்கே ஆகிற சேதத்துக்கான பாதுகாப்பு), ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் கிளெய்ம் தருவது) சேர்ந்த தொகை. சட்டம் கட்டாயப்படுத்துவது தேர்ட் பார்ட்டியை மட்டும். 2022 ஜூன் 1 முதல் அறிவிக்கப்பட்ட கட்டணத்தில், ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட காருக்கு 2,094 ரூபாய், ஆயிரத்துக்கு மேல் ஆயிரத்து ஐநூறு வரை 3,416, அதற்கும் மேல் 7,897. இதோடு 18 சதம் ஜி.எஸ்.டி. நம் ஊரில் அதிகம் கைமாறுகிற 1,200 சி.சி. ஹேட்ச்பேக் காருக்கு 4,031 ரூபாய் வருகிறது. உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துப் பாதுகாப்பு இதற்கு மேல் தனி. வேறு வண்டியிலோ தனிப் பாலிசியிலோ அது ஏற்கெனவே இருந்தால், இருக்கிறது என்று குறித்து அந்தத் தொகையைத் தவிர்க்கலாம். இல்லாமலே இருக்கிறது என்று டிக் போடாதீர்கள்.

இந்தப் பணத்தைக் கட்டாமல் விட்டால்? பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் 4,000. அபராதத்தோடு முடிந்தால் பரவாயில்லை. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ஒரு பைக்கை இடித்துவிட்டால் வரும் நஷ்டஈட்டை யார் தருவது என்பதுதான் பெரிய பயம். அந்தத் தொகைக்கு உச்சவரம்பு கிடையாது.

## சாவி கைமாறுகிற சாயங்காலம்

வண்டி விற்பனையில் எல்லாரும் கவனமாக இருப்பது விலை பேசும்போதும் பணம் எண்ணும்போதும். கவனம் தேவைப்படுவது அதற்கு அடுத்த அரை மணி நேரத்தில். பணம் அக்கவுண்ட்டில் ஏறியாச்சு, பேர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டாச்சு, இரண்டு சாவியும் கொடுத்தாச்சு. வாங்கினவர் வீட்டம்மா எலுமிச்சம்பழத்தை டயருக்குக் கீழே வைத்துவிட்டார். வண்டி அரூர் பக்கமோ பாலக்கோடு பக்கமோ கிளம்புகிறது. அந்த நிமிஷத்தில் அந்தக் காருக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது?

ஆர்.சி. புக்கில் இன்னும் விற்றவர் பேர். பாலிசியிலும் விற்றவர் பேர். வாங்கினவர் புதுப் பாலிசி தன் பேரில் எடுக்கலாமென்றால், ஆர்.சி.யில் பேர் இல்லாதவருக்குப் பாலிசி போடமாட்டார்கள். ஆர்.சி.யில் பேர் மாற்றலாமென்றால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நடப்பில் உள்ள இன்சூரன்ஸ் கேட்பார்கள். ஒன்றுக்கு இன்னொன்று வேண்டும். இந்த முடிச்சை அவிழ்ப்பது விற்கிறவரின் பாலிசி ஒன்றுதான். அது செத்துக் கிடந்தால், வாங்க ஆள் வந்த பிறகும் விற்கிறவர்தான் தன் பேரில் தேர்ட் பார்ட்டி எடுத்தாக வேண்டும். எப்படியும் கட்டவேண்டிய பணத்தை இரண்டு மாதம் தள்ளிப்போட்டு, அந்த இரண்டு மாதமும் ஆபத்தில் இருந்ததுதான் மிச்சம்.

தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு, பிரிவு 157-இன்படி கைமாறிய தேதியிலிருந்தே புது உரிமையாளருக்கு மாறியதாகக் கருதப்படும். வாங்கினவர் 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துப் பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஆக, அன்று சாயங்காலமே யாரையாவது இடித்தால், இடிபட்டவருக்கு வழி உண்டு.

ஓன் டேமேஜ் பகுதி அப்படி இல்லை. அது தானாக மாறாது. வாங்கினவர் தனியாகக் கேட்டு, விற்றவர் சம்மதம் கொடுத்து, நிறுவனம் பாலிசியில் பேர் மாற்றின பிறகுதான் அவருக்குச் சேரும். 1995-இல் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாக்கிவிட்டது. வெள்ளிக்கிழமை சாவி வாங்கினவர், ஞாயிற்றுக்கிழமை சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும்போது பின்னால் லாரி மோதுகிறது என்று வையுங்கள். அறுபதாயிரம் ரூபாய் வேலை. தன் பாலிசியில் கிளெய்ம் கேட்க வாங்கினவருக்கு நிறுவனத்தோடு ஒப்பந்தமே இல்லை. விற்றவருக்கு ஒப்பந்தம் இருக்கிறது, ஆனால் பணத்தை வாங்கிவிட்டதால் அந்தக் காரில் அவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. ஃபுல் கவர் என்று சொல்லி விற்ற காரில் அந்த வாரம் ஃபுல் கவர் யாருக்கும் இல்லை. "உங்க பேர்லயே கிளெய்ம் போட்டுடுங்கண்ணா, பணத்த எங்கிட்ட குடுத்துடுங்க" என்று போன் வரும். செய்யாதீர்கள். வண்டியை ஒப்படைத்ததாக எழுதிய டெலிவரி நோட்டும் வங்கிப் பரிமாற்றமும் தேதியோடு இருக்கின்றன. சேதத்தை மதிப்பிட வருகிற சர்வேயர் கேட்கிற முதல் கேள்வியே ஓட்டினது யார், எதற்காக அவரிடம் வண்டி இருந்தது என்பதாக இருக்கும்.

இதற்கு என் யோசனை: ஓன் டேமேஜ் நடப்பில் இருக்கிற நல்ல விலைக் காராக இருந்தால், ஆர்.டி.ஓ. விண்ணப்பம் பதிவான ரசீது கைக்கு வரும்வரை வண்டி விற்கிறவர் வாசலிலேயே நிற்கட்டும். புது ஆர்.சி. ஸ்மார்ட் கார்டு தபாலில் வரும்வரை காக்க வேண்டியதில்லை. சில நிறுவனங்கள் அந்த ரசீதையும் 29, 30 நகல்களையும் வைத்தே பேர் மாற்ற விண்ணப்பத்தை எடுத்துக்கொள்கின்றன. எடுத்துக்கொள்ளுமா என்று முன்கூட்டியே ஒரு மெயில் போட்டுக் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பழைய கார், ஒன்றரை லட்ச ரூபாய்க்குள் போகிற வண்டி என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். தேர்ட் பார்ட்டி உயிரோடு இருந்தால் போதும்.

டெலிவரி நோட்டில் தேதி எழுதுகிறார்கள், நேரம் எழுதுவதில்லை. நேரம் முக்கியம். இரவு 7.40-க்குக் கொடுத்த காரை 8.15-க்கு எங்கேயாவது மோதினால், மோதியபோது வண்டி யார் கையில் இருந்தது என்பதற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி. தேதி, மணி, கிலோமீட்டர் ரீடிங், வாங்குகிறவரின் ஆதார் நகல், லைசென்ஸ் நகல், பாலிசி எண், முடிகிற தேதி, 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் பேர் மாற்றுவது வாங்குகிறவர் பொறுப்பு என்ற வாக்கியம், இரண்டு பேர் கையெழுத்து. வண்டியோடு சேர்த்து ஒரு போட்டோ. அவ்வளவும் ஒரே தாளில் அடங்கும்.

டெலிவரி நோட் மட்டும் விற்றவரைக் காப்பாற்றிவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. காப்பாற்றாது. சட்டத்தின் கண்ணில் ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். ஒரு கார் விற்கப்பட்டு, அடுத்தடுத்துப் பல கைகள் மாறி, 2009-இல் விபத்தில் சிக்கிய வழக்கில், பேர் மாற்றாத முதல் உரிமையாளர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2011-இல் வந்த இன்னொரு தீர்ப்பு, விற்ற பிறகும் பழைய உரிமையாளர் பேரிலேயே ஓடிக்கொண்டிருந்த லாரியைப் பற்றியது. அங்கே பாலிசியும் பழைய பேரிலேயே உயிரோடு இருந்தது; நஷ்டஈட்டை இன்சூரன்ஸ் நிறுவனம் ஏற்க வேண்டும் என்றாயிற்று. விற்றாச்சு என்று பாலிசியை விட்டுவிடலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இந்த இரண்டு தீர்ப்புகளையும்தான். பேர் மாறும்வரை அந்தப் பாலிசி விற்றவரைத்தான் காக்கிறது.

## மறந்துபோகிற போனஸ்

இவ்வளவு பேசியும் பலர் கண்ணில் படாமல் நழுவுகிற ஒரு பணம் இருக்கிறது. ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டினவருக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50 சதம் நோ கிளெய்ம் போனஸ் (என்.சி.பி.) தள்ளுபடியாகக் கிடைக்கும். 20, 25, 35, 45 என்று ஏறி வந்த 50 அது. இது காருக்குச் சொந்தமில்லை, ஓட்டின ஆளுக்குச் சொந்தம். காரை விற்றால் நிறுவனத்திடம் என்.சி.பி. சர்டிபிகேட் எழுதி வாங்கி, மூன்று வருடத்துக்குள் எடுக்கிற அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். ஆனால் பாலிசி முடிந்து 90 நாள் வரை புதுப்பிக்காமல், விற்கவும் செய்யாமல் விட்டால் அந்த 50 பூஜ்யமாகிவிடும். ஆனிக் கடைசியில் முடிந்த பாலிசிக்கு 90 நாள் என்பது புரட்டாசிக் கடைசி. ஆடி போகட்டும், ஆவணி முகூர்த்தம் போகட்டும், ஆயுத பூஜைக்கு நல்ல விலை வரும் என்று காத்திருக்கிறவர் அந்தக் கோட்டைத் தாண்டிவிடக்கூடும். அடுத்து அவர் வாங்கப்போகிற புதுக் காருக்கு ஓன் டேமேஜ் இருபதாயிரம் என்றால், பத்தாயிரம் ரூபாய் போயிற்று. தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்து வைத்திருந்தாலும் இந்த போனஸ் மிஞ்சாது, காரணம் போனஸ் ஓன் டேமேஜோடு சேர்ந்தது.

50 சதம் வைத்திருப்பவர், சீக்கிரம் வேறு கார் வாங்கப்போகிறார் என்றால், நான் முழுப் பாலிசியாகவே புதுப்பிக்கச் சொல்வேன். பணம் வீணாகுமே என்றால், இப்போது வழி இருக்கிறது. 2024 ஜூனில் வந்த ஐ.ஆர்.டி.ஏ.ஐ. (இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம்) சுற்றறிக்கைக்குப் பிறகு, காரணம் சொல்லாமலே பாலிசியை ரத்து செய்து, கிளெய்ம் எடுக்காமல் இருந்தால், மீதிக் காலத்துக்கு விகிதாசாரப்படி பணம் திரும்ப வாங்கலாம். ஓன் டேமேஜ் 6,000 ரூபாய் கட்டி இரண்டு மாதத்தில் ரத்து செய்தால் ஏறக்குறைய 5,000 திரும்பும். பழைய குறுகிய கால அட்டவணைப்படி என்றால் 30 சதம் பிடித்துக்கொண்டு 4,200தான் கொடுத்திருப்பார்கள். எல்லாரும் கேட்கிற ஒரு மாசப் பாலிசி நடைமுறையில் இதுதான்: வருடத்துக்கு எடுத்து, விற்றதும் ஓன் டேமேஜை நிறுத்துவது.

தேர்ட் பார்ட்டியை மட்டும் இப்படி நிறுத்தக்கூடாது. வண்டிக்கு வேறு இடத்தில் தேர்ட் பார்ட்டி இருக்கிறது என்று காட்டினால்தான் நிறுவனமே ரத்து செய்யும். அது நல்லதுக்குத்தான். மீதி இருக்கிற மாதங்கள் வாங்கினவருக்கு, அதை விலையில் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். ஓன் டேமேஜையும் வாங்கினவர் எடுத்துக்கொள்கிறார் என்றால், விற்றவரின் போனஸ் தள்ளுபடியை மீதிக் காலத்துக்கு அவர் கட்ட வேண்டிவரும். போனஸால் 4,000 குறைந்திருந்த பாலிசியில் ஆறு மாதம் பாக்கி என்றால் 2,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு "ஏமாத்திட்டாங்க" என்ற பேச்சு வராது.

## கன்சல்டிங்கில் விடுகிறவர்களுக்கு

நம் ஊரில் நிறையக் கார்கள் கார் கன்சல்டிங் (பழைய கார் வாங்கி விற்கிற வியாபாரிகள்) வழியாகத்தான் போகின்றன. விட்டுவிட்டு வரும்போது வாங்குகிறவர் இடத்தைக் காலியாக விட்டு 29, 30-இல் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அந்தக் காலி இடம் எத்தனை மாதம் காலியாக இருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. சொந்த உபயோகக் கார் பாலிசியைப் புரட்டினால், எதற்கெல்லாம் பாதுகாப்பு கிடையாது என்ற வரிசையில் வாடகை, பந்தயம் இவற்றோடு மோட்டார் டிரேடும் (வண்டி வியாபாரம்) இருக்கும். வியாபாரி விற்பனைக்காக ஓட்டிக் காட்டும்போது நேர்கிற சேதத்துக்கு உங்கள் பாலிசி மறுக்க இடம் இருக்கிறது. அடிபட்ட மூன்றாம் நபருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் கொடுத்துவிட்டு, அதை ஆர்.சி. உரிமையாளரிடம் வசூலிக்கச் சொல்லும் கோர்ட் உத்தரவுகளும் வருகின்றன.

2023 ஏப்ரல் முதல் இதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்கிய டீலர் என்றால், வண்டியை ஒப்படைத்ததை ஃபாரம் 29C மூலம் ஆன்லைனில் பதிவு செய்யலாம். அதன்பின் அந்த டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். டெஸ்ட் டிரைவ், ரிப்பேர், பெயிண்ட், புகைச் சான்று, ஆய்வு போன்ற வேலைக்கு மட்டும் ஓட்டலாம், ஒவ்வொரு ஓட்டத்தையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். விடுவதற்கு முன் "ட்வெண்ட்டி நைன் சி போடுவீங்களா?" என்று கேளுங்கள். போடமாட்டோம் என்றால், விலை கொஞ்சம் குறைந்தாலும் நேரடியாக விற்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஓசூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. TN 70 வண்டியை அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் விற்றால் ஃபாரம் 28-இல் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வேண்டும், கர்நாடகாவில் வரி கட்டிப் புது எண் வாங்க வேண்டும். விற்கிறவர் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டிய கெடுவும் வழக்கமான 14 நாள் இல்லை, 45 நாள். மாதக்கணக்கில் இழுக்கும் வேலை இது. என்.ஓ.சி.க்குப் போகும்போது பாலிசியில் குறைந்தது மூன்று மாதம் பாக்கி இருக்கட்டும். லோன் இருந்த வண்டி என்றால், ஃபாரம் 35-ம் வங்கிக் கடிதமும் முதலில் முடிந்து, ஆர்.சி.யில் ஹைப்பாதிகேஷன் (வங்கி அடமானக் குறிப்பு) நீங்கியிருக்க வேண்டும்.

ஆன்லைனில் பாலிசி எடுக்கும்போது அடிக்கடி நேர்கிற தவறு இரண்டு. சேசிஸ் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் ஆர்.டி.ஓ. கவுண்டரில் நின்றுவிடும், பாலிசியில் எண்டார்ஸ்மெண்ட் (திருத்தப் பதிவு) போட்டுத் திருத்த நாள் பிடிக்கும். இரண்டாவது, தொடங்கும் நேரம். முடிந்துபோன பாலிசியைக் காலை பத்து மணிக்குப் புதுப்பித்தால், பாதுகாப்பு அன்று நள்ளிரவுக்குப் பிறகோ, சில நிறுவனங்களில் ஓரிரு நாள் கழித்தோதான் தொடங்கும். சர்டிபிகேட்டில் போட்டிருக்கிற மணி எதுவோ அதுதான் கணக்கு. மத்தியானம் ஓட்டிப் பார்க்க வருகிறவரிடம் நாளைக்கு வரச் சொல்லுங்கள். வந்தவரிடம் சாவியைக் கொடுக்கும் முன் லைசென்ஸைக் காட்டச் சொல்வதற்கும் கூச்சப்பட வேண்டாம், ஒரிஜினலைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பக்கத்து சீட்டில் நீங்களும் ஏறுங்கள்.

கார் போன அன்றே ஃபாஸ்டேகை உரித்தெடுத்து அக்கவுண்ட்டை மூடிவிடுங்கள். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் உங்கள் பணம் போவது இருக்கட்டும், வண்டி இன்னும் உங்களோடு இருப்பதாகக் காட்டுகிற பதிவு அங்கே ஏறிக்கொண்டிருக்கும். அப்புறம் வாரம் ஒருமுறை வண்டி விவரம் காட்டுகிற எம்பரிவாஹன் செயலியில் உங்கள் பழைய வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பேரை முழுசாகக் காட்டாது, இடையிடையே நட்சத்திரக் குறி போட்டிருக்கும். உங்கள் பேரின் முதல் எழுத்து அங்கே இருக்கிறவரைக்கும் வாங்கினவருக்குப் போன் செய்துகொண்டே இருங்கள்.